ஏழாம் பக்கத்து வீடு

அத்தியாயம் 11

மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏலக்காட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள் டின்சி.

ரோட்டு வழி சுற்று. காட்டு வழி இறங்கினால் நேரே ஜங்ஷன். பாதி வழியில் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க நிற்கவில்லை. இன்னொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

கீழேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..."

"ஐயோ அப்பா, ஆரம்பிச்சிராதீங்க!" என்று ஏலச்செடிகளிடம் கெஞ்சினாள் டின்சி.

அப்பா கேட்கவில்லை. அவர் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்?

"தள்ளாதே! தள்ளாதே!" என்றது அப்பா ஏசுரத்தினத்தின் கணீர்க்குரல்.

"ஏழாம் பக்கம் தள்ளாதே!" என்று பெண்கள் கூட்டம் பதில் கொடுத்தது.

மூணாறு பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கத்தில் கன்வீனராக முழங்கி, ஓய்வு பெற்று உடும்பஞ்சோலையில் ஒரு துண்டு ஏலக்காடும் வீடும் வாங்கியவர் ஏசுரத்தினம். மாடியில் இருந்த அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டார். மகன் ஜோபி ஜீப்பில் விருந்தாளிகளை ஏற்றி வந்தான். மனைவி கத்தரீனாள் மீன் குழம்பு வைத்து அவர்களைத் திரும்பிப் போகவிடாமல் செய்தாள். 'ரத்தினம் ஹோம் ஸ்டே' என்ற பெயர் இணையத் தேடலில் முதல் பக்கத்தில் நின்றது.

பிறகு திடீரென்று ஒருநாள் அது ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஏழாம் பக்கம் வரை புரட்டிப் பார்த்து வீடு தேடுகிற பொறுமை எந்தச் சுற்றுலாக்காரருக்கு இருக்கிறது? அறைகள் காலியாயின. ஜீப் வீட்டு வாசலில் கோழிகளுக்கு நிழல் கொடுத்தது.

போன வாரம் ஜோபி பொறுமை இழந்தான். பத்திரத்தில் தன் பெயரில் இருந்த வீட்டை ஒரு பெரிய ரிசார்ட் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விடப்போவதாக அறிவித்தான். விட்டால் வீடு அவர்கள் கையில். அப்பாவும் அம்மாவும் ரோட்டோரம் ஒரு வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். மீன் குழம்பு அங்கே போய்விடும். அப்பா மட்டும் என்ன செய்வார்? சும்மா இருப்பார் என்று நினைக்க ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"நம்மள ஏழாம் பக்கம் தள்ளினது தணிக்கை! பச்சைத் தணிக்கை! சமரம் பண்ணிட்டுத்தான் மறுவேலை" என்று கிளம்பிவிட்டார்.

சமரம் என்றால் மலையாளத்தில் போராட்டம். இங்கே அதைச் சொல்லாமல் சிறு குழந்தைகூட வளர்வதில்லை. ஆனால் தேடுபொறிக்கு உடும்பஞ்சோலையில் அலுவலகம் கிடையாதே? ஏசுரத்தினம் யோசித்துப் பார்த்து, ஜங்ஷனில் நிற்கும் செல்போன் டவருக்குக் கீழே பந்தல் போட்டுவிட்டார்.

"அந்த டவர் என்னப்பா பண்ணுச்சு?" என்று டின்சி கேட்டபோது அவர் சொன்ன பதில்: "அது வழியாத்தான வருது!"

டின்சி கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேலையே, கடைகளையும் ஓட்டல்களையும் தேடலில் மேலே ஏற்றுவதுதான். "ஊரான் கடையையெல்லாம் ஏத்துற பிள்ள, பெத்தவன் வீட்டை ஏத்தத் தெரியல" என்ற வசவைத் தினமும் காலைக் காப்பியோடு வாங்கினாள். அவள்தான் என்ன செய்வாள்? ஹோம் ஸ்டே கணக்கின் கடவுச்சொல் ஜோபியிடம். அவனோ, தங்கச்சியிடம் தோற்க மனமில்லாமல் கொடுக்க மறுத்தான்.

இன்று காலைதான் கொடுத்தான். "கடைசியா ஒரு தடவ பாத்துக்க. சாயங்காலம் குத்தகைத் தாள்ல ஒப்பு போட்டுருவேன்."

டின்சி கணக்கைத் திறந்தாள். ஜோபி ஒருநாளும் எட்டிப் பார்க்காத மின்னஞ்சல்களுக்கு நடுவில் தேடுபொறிக் கம்பெனியிலிருந்து ஒன்று கிடந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். மழைக்கோட்டைத் தேடினாள்.

'உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பாராட்டுகள் உண்மையான விருந்தினர்கள் எழுதியவையாகத் தெரியவில்லை. ஆகவே...'

யாரோ ஆள் வைத்துப் பொய்ப் பாராட்டு எழுதவைத்திருக்கிறார்கள். வீடு கீழே போனதற்கு அதுதான் காரணம்!

இது தெரியாமல் அப்பா மைக்கில் தணிக்கை என்று கத்துகிறார். கட்டப்பனையிலிருந்து கேபிள் சேனல்காரர் வேறு வருகிறார். நாளைக்கு உண்மை வெளியே வந்தால் மாவட்டம் முழுக்கச் சிரிக்காதா?

*

டின்சி பந்தலுக்குள் நுழைந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏலக்காய் பறிக்கும் பெண்கள் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பங்குக் கோயிலின் அன்பியத்துப் பெண்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்கிற கூட்டம். அப்பாவின் சமரத்துக்கு ஆள்பலமும் அதுதான்.

"வா டின்சி! செருப்பு எங்கட்டி?" என்றாள் முன்வரிசைச் சாந்தம்மாள்.

"காட்டுல இருக்கு சித்தி. அப்பாவை இறக்கணும்."

"இப்பவா? மனுசன் இப்பத்தான் சூடாயிருக்காரு."

மேடை என்பது மூன்று பெஞ்சுகள். அதன் மேல் வெள்ளைச் சட்டையில் ஏசுரத்தினம் நின்றார். கேபிள் சேனல்காரர் கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டார். நேரலை.

"தோழர்களே! முன்னெல்லாம் பத்திரிகையில பிடிக்காத செய்தி வந்தா கறுப்பு மை அடிப்பான். அந்த மை செலவாவது அவனுக்கு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல! தூக்கி ஏழாம் பக்கத்துல போட்டான், முடிஞ்சுது சோலி!"

கைதட்டல். அதற்குள் அவர் கண்ணில் மகள் பட்டுவிட்டாள்.

"இதோ எம் பொண்ணு! இந்தத் தொழில்லயே இருக்கவ. உள்குத்து எல்லாம் அவளே சொல்லுவா. ஏறு தாயி!"

டின்சி ஓடிவிட நினைத்தாள். சாந்தம்மாள் பின்னாலிருந்து தள்ளினாள். மைக் கைக்கு வந்தது.

உண்மையை இங்கே சொல்ல முடியாது. பொய்யும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். அப்பா சொல்றதுல... ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்கல."

"என்னத்த?" என்றார் ஏசுரத்தினம். மைக் இல்லாமலேயே அவர் குரல் பேருந்து நிறுத்தம் வரை போகும்.

"தணிக்கைங்கிற வார்த்தைய. தணிக்கைன்னா பேசாதேன்னு வாயை அடைக்கிறது. நம்ம வாயை யாரு அடைச்சா? 'ரத்தினம் ஹோம் ஸ்டே'ன்னு பேரைப் போட்டுத் தேடுங்க, இப்பவும் வருது."

"பேரு தெரிஞ்சவன் எதுக்குத் தேடுறான்? நேரா வந்து கதவைத் தட்டமாட்டானா?"

பந்தல் சிரித்தது. டின்சிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"முதல் பக்கத்துல பத்துப் பேருக்குத்தான் இடம் இருக்குப்பா. இந்த மலையில எத்தன ஹோம் ஸ்டே? யாரையாவது பின்னால வச்சுத்தான ஆகணும்? கடைசி பெஞ்சில உட்கார வச்சா பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டினதா அர்த்தமா?"

"அப்படிக் கேளு!" என்று ஒரு பெண் கட்சி மாறினாள்.

ஏசுரத்தினம் மைக்கை வாங்கிக்கொண்டார். இப்போது கத்தவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும் என்று பழைய மேனேஜர்கள் சொல்வார்களாம்.

"எஸ்டேட்டுல விடியக்காலைப் பெரட்டுல ஆள்கணக்கு எடுக்க எல்லாரும் வரிசையா நிப்போம். யாருக்கு எந்தக் காடுன்னு கணக்கப்பிள்ளை பிரிச்சு விடுவான். அவனுக்கு வேண்டியவளுக்கு ரோட்டோரக் காடு. கை வச்சா கொழுந்து. யூனியன்ல வாயைத் திறந்தவளுக்கு மேட்டுக்காடு. அட்டையும் முத்தின இலையும். வேலைக்கு வராதேன்னு ஒருநாளும் சொல்லமாட்டான். சொன்னா நாங்க கேஸ் போட்டிருப்போமே! வாயை அடைக்கல தாயி. வவுத்தை அடைச்சான்."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். மேட்டுக்காடு பார்த்தவர்கள்.

டின்சி மெதுவாகக் கேட்டாள். "சரிப்பா. அதுக்கு நீங்க என்ன பேரு வச்சீங்க? தணிக்கைன்னா?"

"அது... வஞ்சம்னு சொன்னோம். பாரபட்சம்னு நோட்டீஸ் அடிச்சோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! தணிக்கைன்னு கத்துனா, 'நாங்க எதையும் நீக்கலையே'ன்னு ஒரே வரியில தப்பிச்சுருவாங்க. எந்த அளவை வச்சு மேல ஏத்துறீங்க, எதை வச்சு இறக்குறீங்கன்னு கேளுங்க. அதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும்."

"அந்த அளவைக் காட்டாம ஒளிக்கிறானே, அதுக்குப் பேரு என்னட்டி?"

பந்தல் கைதட்டியது. யாருக்கு என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போல. கேபிள்காரர் உற்சாகமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த நேரத்தில் ஹாரன் ஒலித்தது.

*

பந்தல் பாதி ரோட்டை மறித்திருந்தது. ஜோபியின் ஜீப் அதற்கு மேல் போக முடியாமல் நின்றது. பக்கத்து இருக்கையில் ரிசார்ட் கம்பெனியின் மலையாளி மேனேஜர். மழையிலும் மடிப்புக் கலையாத சட்டை.

"இதெந்தா ஜோபி, உன் அப்பன் ஜங்ஷனில் கல்யாணம் நடத்துன்னோ?"

"சமரம் சார். கொஞ்ச நேரத்துல கலைஞ்சிரும்."

"எனக்கு நேரம் இல்ல கேட்டோ. மாங்குளத்துல வேற ஒரு வீடு பார்க்கணும். இன்னைக்கு ஒப்பு இட்டா இடு. இல்லெங்கில் விடு. நான் பின்ன வரமாட்டேன்."

டின்சி பெஞ்சிலிருந்து குதித்து ஜீப்பின் கதவைத் திறந்தாள். அண்ணனைச் சட்டையோடு பிடித்து டவரின் மறைவுக்கு இழுத்தாள்.

"ஏட்டி, விடு! என்ன?"

"இதைப் படி."

ஜோபி மடிக்கணினியை எட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"பொய்ப் பாராட்டா? எவன் எழுதினது?"

"உன்னைத்தான் கேக்கேன். ஏஜென்சி எவன்கிட்டயாவது சொல்லி வச்சியா அண்ணே? சொல்லிரு. அடிக்கமாட்டேன்."

"நானா? அப்பாதான் ஆரம்பத்துலயே சொல்லிட்டாரே, 'எவன் கையையும் புடிச்சு நல்ல பேரு வாங்கக் கூடாது, வந்தவன் தானாச் சொல்லணும்'னு. கெஸ்ட்டு இறங்கும்போது, அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வரும். முழுங்கிருவேன். மாதாவாணை நான் இல்ல."

அண்ணன் பொய் சொன்னால் இடது காது சிவக்கும். சிவக்கவில்லை.

இருவரும் பாராட்டுகளைத் திறந்தார்கள். 'ஏசுவே துணை', 'மலைக்குயில்', 'அம்முக்குட்டி அம்மா', 'ராணி மை லைஃப்'. முகம் ஒன்றும் இல்லை. ரோஜாப்பூ, கிளி, சிலுவை, யார் வீட்டுக் கைக்குழந்தையோ ஒன்று. நாற்பது இருக்கும். எல்லாம் ஒரே மாலையில் வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே வரி. எழுத்து மாறாமல் அதே வரி.

"ஒரே வரியக் கூட்டமாப் போட்டா, ஆள் வச்சுப் போட்டதுன்னு அதுக்குத் தோணிரும். வீட்டைக் கீழ இறக்கிரும்" என்றாள் டின்சி. "நம்மளக் கவுக்கணும்னு எவனாவது வேணும்னே செஞ்சிருக்கலாம்."

ஜோபியின் பார்வை ஜீப்புக்குப் போனது. மேனேஜர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீடு கீழ போனா யாருக்கு லாபம்?"

"அண்ணே, அவசரப்படாத..."

ஜோபி ஏற்கெனவே ஜீப்பருகில் இருந்தான். "சார்! நேரா கேக்கேன். எங்க வீட்டுக்குப் பொய்ப் பாராட்டு போட்டது உங்க ஆளுகதான?"

மேனேஜர் ஒரு நொடி விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மோனே, எதிரியைக் கவுக்கணும்னா நான் ஒரு ஸ்டார் போடுவேன். அஞ்சு ஸ்டார் எதுக்குப் போடணும்?"

"அதுவும் கவுக்கும் சார். இங்க பாருங்க, இத்தன பேரும் ஒரே வரி!" என்று டின்சி மடிக்கணினியை நீட்டினாள்.

"எனக்குத் தமிழ் வாயிக்கான் அறியில்ல. நீ வாசி. கேக்கட்டே."

டின்சி கோபத்தில் உரக்கவே வாசித்தாள். "மலையில ஒரு மணியான வீடு!"

"மறுபடி வரத் தோணுற வீடு!"

டின்சி திகைத்துத் திரும்பினாள். பதில் திரையிலிருந்து வரவில்லை. பந்தலிலிருந்து வந்தது. நாற்பது குரலும் சேர்ந்து, ஜெபமாலையில் மறுமொழி சொல்வது போல, ஓர் அரைநொடி பிசகாமல்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சித்தி," என்றாள் டின்சி. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாந்தம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தெரியாமலா? நாங்கதான எழுதினது! நான்தான் 'மலைக்குயில்'."

*

நாற்பது பெண்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மேடையில் ஏசுரத்தினம் கேபிள்காரருக்குப் பேட்டி கொடுக்கத் தொடங்கியிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல அன்பியம் கூடினோம். ஜெபமாலை முடிஞ்சதும் எல்லாரும் போனை எடுத்தோம். ஒருத்தர் சொல்லச் சொல்ல எழுதினோம். எழுத வராதவங்களுக்கு எம் மருமவ அடிச்சுக் கொடுத்தா."

"எல்லாரும் அதே வரியவா?"

"பின்ன? ஜெபத்துல ஆளுக்கொரு மாதிரியா பதில் சொல்லுவோம்?"

ஜோபி தலையில் கை வைத்துக்கொண்டான். டின்சிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

"எதுக்கு சித்தி?"

"உங்க வீடு மூணாவதோ நாலாவதோ நின்னுச்சாமே. முதல்ல ஏத்திவிட்டா நல்லதுன்னு சொன்னாங்க. நல்ல காரியம்தான?"

"ஏறல சித்தி. அதனாலதான் இறங்கிருச்சு. நீங்க எழுதுனதெல்லாம் பொய்யின்னு அது முடிவு பண்ணிருச்சு. அப்படி ஆளுகளே கிடையாதுன்னு."

சாந்தம்மாளின் சிரிப்பு போய்விட்டது.

"யாரு கிடையாது? நானா?"

"சித்தி, அது மெஷின்..."

"அடைமழையில மண்ணு சரியப்போகுதுன்னு எங்க லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னாகளே, அன்னைக்கு இம்புட்டுப் பேரும் எங்க படுத்தோம்? உங்க வீட்டு மாடியில. உங்கம்மாதான கஞ்சி ஊத்துனா? தங்காம எழுதல தாயி. தங்கித்தான் எழுதினோம். நாங்க ஆளே இல்லன்னு சொல்லிருச்சா அது?"

சற்று முன்தான் டின்சி மைக்கில் கேட்டிருந்தாள், நம் வாயை யார் அடைத்தது என்று. இத்தனை பெண்கள் உண்மையாகவே தங்கினார்கள். உண்மையாகவே மனசாரச் சொன்னார்கள். சேர்ந்து சொன்ன குற்றத்துக்காக, ஒருத்தி விடாமல் எல்லாரும் பொய்யாகிவிட்டார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது?

பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேளு. இதைச் சரி பண்ணலாம். இவங்க எல்லாரும் அந்த வரிய அழிக்கணும். அவங்கவங்க போன்லருந்துதான் அழிக்க முடியும். நான் விளக்கம் எழுதி மேல்முறையீடு அனுப்புறேன். கொஞ்ச நாளாகும், ஆனா வீடு மேல வந்துரும்."

"நெசமாவா?"

"அதுக்கப்புறம் வேணும்னா அவங்கவங்க வார்த்தையில தனித்தனியா எழுதட்டும். கஞ்சி ஊத்துனதை எழுதுங்க சித்தி! அதைவிட நல்ல பாராட்டு ஏது?"

ஜோபியின் கண்ணில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. "இவங்க இப்ப அழிச்சா, நான் ஒப்பு போடமாட்டேன். இந்த நிமிஷமே சாரை மாங்குளத்துல கொண்டுபோய் விட்டுருவேன்."

"அழிங்க சித்தி, அழிங்க!"

ஒருத்தியும் போனை எடுக்கவில்லை.

"அதெப்படி அழிப்போம்?" என்றாள் சாந்தம்மாள். "எழுதச் சொன்னவங்க வந்து அழிக்கச் சொல்லட்டும். சமரத்தை அறிவிச்சவங்கதான் வாபஸ் வாங்கணும். அந்த மொறை தெரியாதா உனக்கு? நீ யாரு வீட்டுப் பிள்ள?"

"சரியாப்போச்சு! எழுதச் சொன்னது யாரு?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். குடைகள் மெல்ல ஆடின.

"சொல்லமாட்டோம். மாதா படத்துக்கு முன்னால கைநீட்டிச் சத்தியம் பண்ணியிருக்கோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஒரே குரல்ல."

"இதுவும் ஒரே குரல்லயா!" என்று அலறினான் ஜோபி. "சித்தி, வீடு போகப்போகுது சித்தி! கண்ணையாவது காட்டுங்க!"

நாற்பது பேரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். குத்தகைத் தாளை ஜீப்பின் முன்மூடி மேல் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்து ஜோபியிடம் நீட்டினார். "இனி என்னால நிக்க முடியாது, கேட்டோ."

ஜோபி பேனாவை வாங்கினான். தங்கையைப் பார்த்தான். டின்சி உதட்டைக் கடித்தாள். ஜோபி குனிந்தான்.

"அந்தப் பேனாவ மூடுடா."

பெண்களுக்குப் பின்னால் அம்மா கத்தரீனாள், பேச்சையெல்லாம் கேட்டபடி நின்றிருந்தாள். ஒரு கையில் சுக்குக்காப்பித் தூக்குவாளி. இன்னொரு கையில் மகள் காட்டில் விட்டுவந்த செருப்பு, சேறு கழுவியாயிற்று.

"யம்மா, உனக்குத் தெரியுமா?" என்று டின்சி அவள் கையைப் பிடித்தாள். "நீயா எழுதச் சொன்ன?"

"எனக்கு எதுகை மோனையெல்லாம் எங்க வரும்?"

"அப்ப யாரு? நீயும் சத்தியம் பண்ணிட்டியா?"

"பண்ணல. அப்ப நான் சாந்தம்மா அடுப்படியில பாலு பொங்காமப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள் கத்தரீனாள் நிதானமாக. "என்கிட்டக் கையை நீட்டச் சொல்ல அந்த அவசரத்துல மறந்துட்டாக. கேட்டது மட்டும் முழுசும் கேட்டுச்சு."

பெண்கள் கண்களைத் திறந்தார்கள். சாந்தம்மாளுக்கு மூச்சு வந்தது. "நீ சொல்லலாம் அக்கா. உனக்குப் பாவம் இல்ல."

"இது வரைக்கும், அவுகளே பிள்ளைககிட்டச் சொல்லட்டும்னு பொறுத்தேன். வாயால ஒரு பேச்சு, செஞ்சது ஒண்ணுன்னு பிள்ளைக நினைச்சிருமேன்னு அவுகளுக்குக் கூச்சம். இந்த வரியாலதான் வீடு இறங்குச்சுன்னு எனக்கென்ன தெரியும்? அவுகளுக்கும் தெரியாது பாவம்."

"யாரும்மா?"

மேடையில் கேபிள்காரரின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஏசுரத்தினம் கேமராவுக்கு நேராக விரலை நீட்டி முழங்கினார்.

"எங்க வீட்டைக் கீழ தள்ளினவன் எவன்? இந்த மாவட்டமே பாத்துக்கிட்டு இருக்கு! ஆம்பளையா இருந்தா முகத்தைக் காட்டட்டும்!"

கத்தரீனாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த வரியக் கட்டினது, இவளுகளை உக்கார வச்சு எழுத வச்சது, பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினது எல்லாம்... அந்தா, முகத்தைக் காட்டுன்னு கத்துறாரே, உங்கப்பாதான்."